தட்டிக்கு அந்தப் பக்கத்து இங்கிலீஷ் வகுப்பு

இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பதில் ஒரு சங்கடம் உண்டு: கற்றுக்கொண்டவன் உத்தியோகத்துக்குப் போய்விடுவான், கற்றுக்கொடுத்தவன் அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த வருஷக் கூட்டத்துக்கு முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பிப்பான். இந்த அவஸ்தையை அனுபவித்தவர்கள் உங்களிலும் சிலர் இருப்பீர்கள். தட்டச்சு, கணக்கு, சுருக்கெழுத்து என்று எதைச் சொல்லிக்கொடுத்தவரானாலும் சரி, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் ஆரம்பத்திலும் நான் திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு டுடோரியலில் வேலை பார்த்தேன். கீழே பாத்திரக் கடை. மேலே மொட்டைமாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதுதான் எங்கள் காலேஜ். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி குமாஸ்தா ஆக நினைப்பவர்கள் லால்குடி, முசிறி, தொட்டியம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். அவர்களைக் கவிழ்ப்பது எப்போதும் இங்கிலீஷ் பேப்பர்தான். அந்தப் பேப்பருக்கு நான் வாத்தியார். நான் பி.ஏ. என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றையும் மறைக்கப் போவதில்லை. அதே பரீட்சையை நானும் வருஷம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தேன். என் மாணவர்கள் பாஸ் செய்தார்கள், நான் செய்யவில்லை. வயது வரம்பு முடிய எனக்கு மூன்று தடவை பாக்கி இருந்தபோது இந்தக் கதை ஆரம்பிக்கிறது.

தினம் பத்து

என் முறை எளிமையானது. தினம் பத்து வார்த்தை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சீட்டு. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டி, ஒரு புறம் வார்த்தையும் மறு புறம் அர்த்தமும் எழுதி பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருப்பேன். காலையில் பத்துச் சீட்டை எடுத்துப் போர்டில் எழுதுவேன். ஒவ்வொன்றுக்கும் வேர் எங்கிருந்து வந்தது, அதை வைத்து எந்த மரபுத்தொடர் வழங்குகிறது, எந்த இடத்தில் போடக்கூடாது என்று விளக்குவேன். அகராதி வரிசை மாறக்கூடாது என்பது என் கொள்கை. ஏ முடியாமல் பி கிடையாது.

அந்த வரிசையில் போனால் பரீட்சைக்கு முந்தின வாரம் வரும்போது டி எழுத்தில் இருப்போம். எந்த வருஷமும் டியைத் தாண்டியதில்லை. அடித்தளம் பலமாக இருந்தால் போதும் என்று நான் சமாதானம் சொல்வேன். தொட்டியத்திலிருந்து வந்த சுப்பையன் என்பவர், வீட்டில் வாழைத் தோட்டம், முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறவர், ஒரு நாள் எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டார்.

"சார், கடைசி எழுத்தெல்லாம் எங்க பிள்ளைங்க காலத்துல வந்துருங்களா?"

ஆரோக்கியசாமி

கூட்டம் அதிகமானதும் எங்கள் முதலாளி (முதலாளி என்றால் கோபித்துக்கொள்வார், பிரின்ஸிபால் என்றுதான் சொல்ல வேண்டும்) கொட்டகையை ஒரு கீற்றுத் தட்டியால் இரண்டாகத் தடுத்தார். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் பாலக்கரையிலிருந்து ஆரோக்கியசாமி என்று ஒருவர். கணக்கு சொல்லிக்கொடுக்க வந்தவரிடம் இங்கிலீஷையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பி.ஏ.வுக்கு முந்தின இன்டர்மீடியட்டோடு நின்றவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். வெள்ளைச் சட்டையில் சுண்ணாம்புக்கட்டித் தூள்கூடப் படாது.

அவர் வகுப்பில் அகராதியே கிடையாது. "காவிரிப் பாலத்துல பஸ் நின்னு போச்சு, உங்க பக்கத்துல உக்காந்திருக்கிறவருக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும், என்ன பேசுவீங்க?" என்று கேட்பார். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கொட்டகை அதிரச் சிரிப்பார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் எழுதச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராது. எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியில் தூங்குகிறார் என்று எனக்குத் தீர்மானமாகத் தெரியும். பிரின்ஸிபாலிடம் போய் அந்தச் சிரிப்பால் என் வகுப்பு கெடுகிறது என்று புகார் செய்தேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அங்கே சிரிக்கிறாங்க, இங்கே தூங்கறாங்க. ரெண்டும் உடம்புக்கு நல்லதுதான் சார், விடுங்க."

தாம்பாளம்

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. பாஸ் செய்து உத்தியோகம் கிடைத்தவர் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், கற்கண்டு, ஒரு மாலை வைத்து, அதன் மேல் தன் அப்பாயிண்ட்மென்ட் ஆர்டரை வைத்துக்கொண்டு வருவார். தன்னைக் கரையேற்றியவர் என்று யாரை நினைக்கிறாரோ அந்த ஆசிரியர் முன்னால் வைப்பார். ஆசிரியர் ஆர்டரை எடுத்து, எல்லோரும் கேட்க முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு தாம்பாளத்துக்கு ஒரு ஆசிரியர்தான். பங்கு போடும் வழக்கம் கிடையாது.

ஆரோக்கியசாமி வந்த முதல் வருஷமே அவருக்கு ஆறு தாம்பாளம் வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் ஆர்டரைப் படிக்கப் படிக்க, இந்தப் பக்கம் நான் போர்டில் எழுதியதையே அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தேன். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஏழாவது தாம்பாளத்தோடு படியேறி வந்தவர் என் முதல் பெஞ்சு சுப்பையன். கடைசி இரண்டு மாதம் அந்தப் பக்கம் மாறிப் போனவர். நான் எழுந்து நின்று, துண்டைச் சரி செய்து, கையைக்கூட நீட்டிவிட்டேன். அவர் என் முன்னால் ஒரு கணம் நின்று, தாம்பாளத்தை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினார்.

"நம்ம தோட்டத்துப் பூவன் சார். நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்க."

வெள்ளக் கட்டுரை

மாதிரிப் பரீட்சைத் தாள்களைத் திருத்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவரை பிரின்ஸிபால் வரவழைப்பார். உறையூரிலிருந்து குடையோடு நடந்தே வருவார். அந்த வருஷம் கட்டுரைத் தலைப்பு, காவிரியில் வெள்ளம். இரண்டு வகுப்புத் தாள்களையும் கலந்துதான் கொடுத்தார்கள், பெயர் தெரியாமல் எண் மட்டும் போட்டு. அரை மணி நேரத்தில் அவர் தாள்களை இரண்டு கட்டாகப் பிரித்து வைத்துவிட்டார். ஒரு கட்டு முழுக்க என் வகுப்பு. ஒன்றுகூடத் தவறவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, தரம் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஆரோக்கியசாமியும் பக்கத்தில் நிற்கும்போதே வேண்டுமென்று கேட்டேன். ஹெட்மாஸ்டர் ஒரு தாளை எடுத்து விரலை ஓட்டிக் காட்டினார். வெள்ளம் வரும் வரை கனமான வார்த்தைகளாக வந்து கொட்டியிருந்தன, எல்லாம் ஏ, பி, சி, டி. வெள்ளம் வடிந்த பிறகு சொல்லவேண்டியதற்கெல்லாம் ஒன்றாம் ஃபாரம், அதாவது ஆறாம் வகுப்பு இங்கிலீஷ். ஆரோக்கியசாமி சிரிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிரித்திருந்தால் எனக்கு சௌகரியமாக இருந்திருக்கும். ஹெட்மாஸ்டர் தாளை என் பக்கம் நீட்டிக் கேட்டார்.

"ஏன் சார், உங்க பிள்ளைகளுக்கெல்லாம் அகராதி பாதியில கிழிஞ்சு போச்சா?"

பத்மாவின் கத்தரிக்கோல்

ஸ்ரீரங்கத்தில் மேல அடையவளஞ்சான் தெருவில் எங்களுக்கு ஒண்டுக்குடித்தனம். சாயங்காலம் மொட்டைக் கோபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், என் மனைவி பத்மா கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டாக வெட்டிக்கொண்டிருப்பாள். தெருவில் யார் வீட்டில் கல்யாணம் நடந்தாலும் மிச்சப் பத்திரிகை எங்களுக்கு வந்துவிடும். நான் காப்பியைக் குடித்துக்கொண்டே அன்றைய ஆரோக்கியசாமி புராணத்தை ஆரம்பிப்பேன். இன்றைக்கு என்ன சிரிப்பு, எந்த நேரத்தில் தூங்கினார், எந்த மாணவன் அந்தப் பக்கம் மாறினான், எவன் அவருக்கு நமஸ்காரம் சொன்னான், அவர் சட்டையில் தூள் படாத மர்மம் என்ன. பத்மா அந்த நேரமெல்லாம் வெட்டிய சீட்டுகளை விளிம்பு தட்டி அடுக்கிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் ஒரு கட்டை என் பக்கம் தள்ளி வைத்தாள். எல்லாம் எழுதாத வெற்றுச் சீட்டு.

"ஏன்னா, தினம் அவரைப் பத்தியே சொல்லிண்டிருக்கிற நேரத்துக்கு, நீங்க ஈ எழுத்தை முடிச்சு எஃப்புக்குப் போயிருப்பேள்."

ஓட்டை

ஒரு நாள் போர்டில் எழுதித் திரும்பியபோது தட்டியில் ஒரு ஓட்டையைப் பார்த்தேன். உட்கார்ந்திருக்கும் ஆளின் கண் உயரத்தில், இரண்டு விரல் நுழையும் அளவு, கீற்றை ஒழுங்காக ஒதுக்கி வைத்த ஓட்டை. அந்தப் பக்கம் ஆரோக்கியசாமியின் நாற்காலி இருக்கும் இடம் அது. ஆக, தூங்கவில்லை. என் வகுப்பில் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று எண்ணி, சாயங்காலம் டீக்கடையில் சொல்லிச் சிரிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று முடிவு கட்டினேன். வகுப்பு முடிந்ததும் பழைய செய்தித்தாளைக் கசக்கி ஓட்டையை இறுக்கி அடைத்தேன்.

அடுத்த நாள் முழுக்க நிம்மதியாகப் பாடம் நடத்தினேன். அதற்கடுத்த நாள் வந்து பார்த்தால் ஓட்டை திறந்திருந்தது, தாள் மடித்து என் மேஜை மேல் வைக்கப்பட்டிருந்தது. நேராக அந்தப் பக்கம் போய், இதை எடுத்தது யார் என்று கேட்டேன். ஆரோக்கியசாமி எழுந்து நின்றார். காது வரை சிவந்துபோனார். குற்றவாளியின் முகம் என்று அதை நான் பத்மாவிடம் வர்ணித்தது நன்றாக நினைவிருக்கிறது.

"நான்தான் சார். கொஞ்சம் காத்து வரட்டுமேன்னு எடுத்தேன்."

கேள்வி எடுக்கப் போனவர்கள்

டுடோரியல்களில் அந்தக் காலத்தில் ஒரு வேலைமுறை இருந்தது. ஆசிரியரில் ஒருவர் தானும் விண்ணப்பம் போட்டுப் பரீட்சை ஹாலில் உட்கார்ந்து, கேள்விகளின் போக்கைப் பார்த்து வருவார். அடுத்த வருஷ மாணவர்களுக்கு உதவும். நான் வருஷா வருஷம் பரீட்சை எழுதியது இந்தப் போர்வையில்தான். கேள்வி எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் பாஸ் செய்யாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த வருஷம் எனக்குக் கடைசி. அதற்குப் பிறகு வயது வரம்பு முடிந்துவிடும். சாகும் வரை அந்தக் கொட்டகையா அல்லது மின்விசிறி சுழலும் ஒரு கவர்மென்ட் ஆபீஸா என்பது அன்றைக்குத் தீர்மானமாகும். இந்தத் தடவை எழுதுவதே யாருக்கும் தெரிய வேண்டாமென்று, மாமனார் வீட்டில் விசேஷம் என்று பிரின்ஸிபாலிடம் லீவு வாங்கிக்கொண்டு போனேன்.

ஹால் வாசலில் எண்கள் ஒட்டியிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டை திரும்பியது. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று முந்தின நாள்தான் லீவு கேட்டிருந்தார் ஆரோக்கியசாமி. இரண்டு பேரும் ஹால் டிக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தோம். மறைப்பதற்குள் அவருடைய எண்ணை நான் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டேன். அவருக்கு இன்னும் இரண்டு தடவை பாக்கி. ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டிருக்கலாமே என்றுகூடத் தோன்றியது, என்னவோ ஒரே ஒரு வேலைதான் காலி இருப்பது போல. அவர்தான் முதலில் பேசினார்.

"சார், நானும் கேள்வி எடுக்கத்தான் வந்தேன்."

கூடுதல் தாள்

எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவர் இடம். இங்கிலீஷ் பேப்பர். கேள்வித்தாளை வாங்கியதும் குனிந்தவர் நிமிரவில்லை. அரை மணிக்குள் கையைத் தூக்கி ஒரு கூடுதல் தாள் கேட்டார். இன்டர்மீடியட்டுக்கு எங்கிருந்து இவ்வளவு வருகிறது என்று எனக்குப் பகீரென்றது. நானும் கையைத் தூக்கி ஒன்று வாங்கினேன். அவர் இரண்டாவது கேட்டார். நானும் இரண்டாவது கேட்டேன். வாங்கிய தாளை வெறுமனே கொடுக்க முடியாதல்லவா? நிரப்பினேன். மூன்றாவதுக்கு அவர் கை தூக்குகிறாரா என்று பார்த்துக்கொண்டே எழுதினேன். அவர் தூக்கவில்லை, நான் தூக்கினேன். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

தாள்களை நூலால் கட்டும்போதுதான் கடைசிக் கேள்வியைச் சரியாகப் பார்த்தேன். கொடுத்திருந்த பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். இந்த மாதிரிக் கேள்விக்கு ஒரு வரி கூடினாலும் மார்க் போய்விடும் என்று எத்தனையோ வருஷம் போர்டில் கோடு போட்டுச் சொல்லியிருக்கிறேன். நான் அதைத் தாளின் இரண்டு பக்கமும் நிரப்பியிருந்தேன். மணி அடித்துவிட்டது. மேற்பார்வைக்கு வந்த பெரியவர் தாளை வாங்கிப் புரட்டிவிட்டு, இரக்கப்பட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"சுருக்கி எழுதுன்னா, கேள்வித்தாள்ல இருக்கிறதைவிட நீளமா போயிருக்கே தம்பி."

மேல அடையவளஞ்சானுக்கு வந்த தாம்பாளம்

ரிசல்ட் வந்த அன்று தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கடையில் பேப்பரை வாங்கிப் பிரித்தேன். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்? என் எண்ணைத் தேடுவதற்கு முன்னால் அவருடைய எண்ணைத்தான் தேடினேன். இருந்தது. பிறகு என்னுடையதைத் தேடினேன். மூன்று தடவை தேடினேன். காவிரிப் பாலத்தை நடந்தே கடந்து வீட்டுக்கு வந்தேன். அன்று பத்மாவிடம் ஆரோக்கியசாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச்சில் பூசை முடிந்து நேரே கிளம்பியிருப்பார் போல, வெள்ளைச் சட்டையோடு எங்கள் வாசலில் நின்றார் ஆரோக்கியசாமி. கையில் தாம்பாளம். என்னைப் பார்த்துவிட்டுப் போகத்தான், அதாவது என் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோயிலுக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லச் சொல்லி உள்ளே சாடை காட்டினேன். அதற்குள் பத்மா "வாங்கோ, உள்ளே வாங்கோ" என்று சொல்லிவிட்டாள். அவர் தாம்பாளத்தை என் முன்னால் வைத்தார். வெற்றிலை, பழம், கற்கண்டு, மாலை, ஆர்டர். ஆர்டருக்கு அடியில் ஒரு தடித்த நோட்டு. எடுத்துப் பிரித்தேன்.

தினம் பத்து வார்த்தை. ஏ முதல் டி வரை. என் விளக்கம், என் உதாரணம், மாணவர்களை நான் திட்டும் திட்டுகூட அடைப்புக்குறிக்குள் இருந்தது. மூன்று வருஷமாக, தன் வகுப்பை எழுதச் சொல்லிவிட்டு, தட்டி ஓரத்தில் உட்கார்ந்து எழுதியது. குரல் கேட்கும், போர்டு தெரியாது, அதற்குத்தான் ஓட்டை. நடுவில் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் பத்து வார்த்தையும் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் கிடந்தது. அது நான் தாளைக் கசக்கி அடைத்ததற்கு மறுநாள்.

வழக்கப்படி ஆர்டரை எடுத்தேன். முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தேன். அவர் பெயர், பதவி, சேர வேண்டிய ஆபீஸ், சேர வேண்டிய நாள். நான் ஐந்து வருஷமாக என் பெயரைப் போட்டு மனதுக்குள் படித்துப் பார்த்த அதே வாசகம்தான். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அந்த ஆர்டரை அவர் கையில் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தாம்பாளத்தை வேறு யாரிடமும் விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. நம்மிடம் படித்தவர்கள் எல்லோரும் உங்களுக்குத்தானே தாம்பாளம் வைத்தார்கள், நீங்கள் போய் எனக்கு வைக்கலாமா என்று ஒரு மாதிரியாகக் கேட்டேன். அவர் காது மறுபடியும் சிவந்தது.

"தட்டி வழியா உங்ககிட்ட கேட்டதைத்தான் சார் மறுநாள் நான் பேச்சோட பேச்சா அவங்களுக்குச் சொன்னேன். அதெல்லாம் உங்களுக்கு வந்திருக்க வேண்டியது, எல்லாத்துக்கும் சேர்த்து இதை வச்சுக்குங்க."

அடுத்த வகுப்பிலேயே ஈ எழுத்தை ஆரம்பித்துவிட்டேன். ஓட்டையைத்தான் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி வைத்தேன், அந்தப் பக்கம் புதிதாக வந்த வாத்தியார் நிஜமாகவே தூங்குகிறவர் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.